ஏழாவது சிட்டிகை

அத்தியாயம் 9

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சலவைக்காரம்மா கேட்டைத் தாண்டியதையும், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்ததையும் போன வாரம் பார்த்தோம். குற்றம்: கம்பி இடுக்கில் விரலை நீட்டி, அந்தப் பக்கம் நின்ற மகளின் கன்னத்தைத் தொட்டது. தண்டனை: உடனடி வெளியேற்றம். தீர்ப்புச் சொன்னவள்: தலைமை நர்ஸ்.

அது நடந்து பதினாறு நாள் ஆகிறது. பத்திரிகையில் ஒரு வாரம், கதையில் பதினாறு நாள். தொற்றுக் காலத்தில் காலண்டருக்கும் உடம்பு சரியில்லை.

அந்த முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேர், வீடு வாசலை விட்டு ஒரு மாதமாக உள்ளேயே தங்கியிருக்கிறார்கள். வெளியாள் உள்ளே வரக் கூடாது. உள்ளாள் வெளியே போகக் கூடாது. சாமான் வந்தால் கேட்டோரம் ஒரு நாள் வெயிலில் கிடந்து, பாவம் தீர்ந்த பிறகுதான் உள்ளே வரும். சட்டம் போட்டதும், கேட்டுச் சாவியை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் தலைமை நர்ஸ்தான். பெரியவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூட்டு.

மேனேஜர்? அவர் தம் வீட்டிலிருந்தபடியே இல்லத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். தினம் ஒரு சுற்றறிக்கை. நேற்று வந்தது இருபத்தொன்பதாவது: 'முதியோர் யாரும் வீணாகக் கவலைப்படக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.'

பூட்டுக்கு முப்பத்தொரு பேரும் ஒன்றுதான். மாடியில், பின்சந்து பக்கம் பார்த்த ஜன்னலோரம், பதினேழாம் நம்பர் கட்டிலில் இருப்பவர் அவளைப் பெற்ற அப்பா என்பதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் வேலை நேரத்தில் அவர் 'சார்'. வாங்க, போங்கதான்.

"வீட்டுல நாப்பது வருஷமா கிடைக்காத மரியாதை," என்பார் அவர். பதிலுக்கு அவரும் குறை வைப்பதில்லை. "பெத்த பொண்ணை சிஸ்டர்னு கூப்பிடற அப்பன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

கண்டக்டராக இருந்தவர். தொண்ணூற்றொன்றாம் நம்பர் பஸ். பஸ் ஸ்டாண்டில் கிளம்பிப் பெரியாஸ்பத்திரி வாசலில் முடியும். இருபத்தெட்டு வருடம் அதே ரூட்டு. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு மறந்துபோகும். யார் எந்த ஸ்டாப்பில் ஏறினார்கள் என்பது மறக்காது.

இன்று காலை ஏழு மணிக்கு அவர் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினாள் பூட்டு.

"எவ்வளவு சிஸ்டர்?"

"தொண்ணூத்தெட்டு புள்ளி ரெண்டு. ஜுரம் இல்லை சார்."

"அப்ப பாஸா?"

"பாஸு."

"நல்லது. இன்னைக்கு டிக்கெட் வாங்க வேண்டாம்."

விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினாள். தொண்ணூற்றைந்து. ரத்தத்தில் ஆக்சிஜன் எப்போதும் தொண்ணூற்றேழு இருக்கும். விரல் ஜில்லென்றிருக்கிறது என்று தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினாள். தொண்ணூற்றாறு. சரி, போகட்டும்.

நிமிர்ந்தபோது ஜன்னல் கம்பி கண்ணில் பட்டது. துணி காயப்போடும் கயிறு ஒன்று சுருட்டித் தொங்கியது. முனையில் தண்ணீர் மொள்ளும் பிளாஸ்டிக் மக்கு. அவள் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துக் கயிற்றின் மேல் போட்டுவிட்டுப் போனாள்.

இந்தக் கயிறு வாசகர்களுக்குப் புதிது. பூட்டுக்குப் புதிதல்ல.

பன்னிரண்டு நாளுக்கு முன் ஜன்னலைச் சாத்தப் போனவள், மக்கு ஒன்று தானாக மேலே ஏறி வருவதைப் பார்த்தாள். கீழே சந்தில் தண்ணீர்க் கேன் வேன். வேன் பக்கத்தில் அவளுடைய தம்பிக்காரன், ராக்கெட் விட்ட விஞ்ஞானியைப் போல அண்ணாந்து நின்றான். மக்குக்குள் மூக்குப்பொடி டப்பா.

சட்டப்படி கயிற்றை அறுத்திருக்க வேண்டும். டப்பாவை வெயிலில் வைத்திருக்க வேண்டும். மகளைத் தொட்ட ஒரு விரலுக்காக ஓர் ஆளையே வெளியே அனுப்பியவள் அவள்.

ஆனால் அந்த வாரம் முழுக்க அப்பா தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டப்பா ஏறிய மதியம் அவர் போட்ட தும்மலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, "சிஸ்டர், இன்னொரு கரண்டி போடுங்க" என்றார்.

பூட்டு திரும்பிப் போய்விட்டாள். கண் பார்த்ததை மூளைக்குச் சொல்லவில்லை. சலவைக்காரம்மாவை அனுப்பி நாலே நாள்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு மாடியிலிருந்து கீழே வரைக்கும் எட்டுகிற முதல் தும்மல் கேட்டது.

ஊரே மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டிருந்த அந்த மாதத்தில், தும்மல் என்பது வெடிச் சத்தத்துக்கு அடுத்த இடத்தில் இருந்தது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். இரண்டாவது தும்மல். மூன்றாவது. நான்காவதும் ஐந்தாவதும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

கீழ் அறையிலிருந்து கணக்கு டீச்சர் கையில் காகிதத்தோடு வந்தார். ஓய்வு பெற்றுப் பதினேழு வருடம் ஆகியும் யாரைப் பார்த்தாலும் முட்டி போடச் சொல்லும் பார்வை.

"சிஸ்டர், இது என் மூணாவது புகார். மாடியில மூக்குப்பொடி நடமாட்டம் இருக்கு. முதல் ரெண்டு புகாருக்குப் பதில் இல்லை."

"பார்க்கிறேன் டீச்சர்."

"பார்க்கிறேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டீங்க," என்று மூக்கை உறிஞ்சினார் டீச்சர். அவர் கண் லேசாகச் சிவந்திருந்தது. கோபத்தில் சிவந்ததாகத்தான் பூட்டு நினைத்தாள்.

மாடிக்கு ஓடினாள். அப்பாவின் அறையில் தபால்காரரும் டெய்லரும் கம்பவுண்டரும் கண்ணில் நீர் வழிய, முகம் மலர உட்கார்ந்திருந்தார்கள். தும்மி முடித்தவர்களின் முகத்தில் வரும் அந்தப் பரம நிம்மதி. அப்பா மட்டும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் மற்ற மூவரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கு மறைக்கவே தோன்றவில்லை. ஏமாற்றப்பட்டவனுக்குப் பயம் ஏது?

"வாங்க சிஸ்டர், நீங்களே நியாயம் சொல்லுங்க. உங்க தம்பியை ஒருத்தன் நல்லா ஏமாத்தியிருக்கான். இது பொடியா? சாம்பல்! கயித்துல வந்த மூணாவது டப்பா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து போடறேன். ஒரு காரம் இல்லை, ஒரு வாசனை இல்லை. மூக்கு மரத்த மாதிரி கிடக்கு."

"யோவ், டப்பாவைக் குறை சொல்லாதேய்யா," என்றார் டெய்லர், கண்ணைத் துடைத்தபடி. "எனக்கு உச்சந்தலை கழண்டு போச்சு."

"அதான் எனக்குப் புரியலை. காலையிலேர்ந்து ஏழு பேருக்குக் கொடுத்தேன். ஏழு பேரும் தும்மிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன்?"

பூட்டு இரண்டு கை தூரத்தில் நின்றாள். முகத்தில் இரட்டை மாஸ்க். அதையும் துளைத்துக்கொண்டு பொடியின் காரம் அவள் மூக்கில் ஏறியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு நிமிடம் வேண்டியிருந்தது. மூவரையும் ஜன்னல் பக்கம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அப்பாவின் மூக்கருகே கொண்டுபோனாள்.

"கண்ணை மூடுங்க சார். என்ன வாசனைன்னு சொல்லுங்க."

அவர் மூடிக்கொண்டார். "எதையாவது காட்டினா சொல்லலாம்."

பஞ்சை வைத்துவிட்டு, கழிப்பறையிலிருந்து ஃபினாயில் பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள். ஜன்னலோரம் இருந்த கம்பவுண்டர் இருமினார். அப்பா அதே மாதிரி, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி, போட்டோ எடுக்கப்போகிற குழந்தையைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார். பாட்டில் அவர் மீசைக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது.

"எப்ப சிஸ்டர் காட்டப் போறீங்க? கழுத்து வலிக்குது."

"அப்பா," என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது," என்றார் மெதுவாக. "டியூட்டி டைம் ஆச்சே."

தம்பிக்காரன் மூன்றாவது மணியில் போனை எடுத்தான்.

"சொல்லுக்கா. பூட்டுக்குக் குடும்ப ஞாபகம் வந்துடுச்சா?"

"பொடி எங்கே வாங்கினே?"

"எந்தப் பொடி? மிளகாய்ப்பொடியா?"

"டேய்."

"வழக்கமான கடைதான்க்கா. ஏன், பெரியவர் புகாரா? கயிறு கட்டினது அவர் ஐடியா. நான் வெறும் டிரைவர்."

"உனக்கு ஜுரம் இருக்கா? வாசனை தெரியுதா?"

"வேன்ல உட்கார்ந்திருக்கேன். டீசல் தெரியுது. என் சட்டையும் தெரியுது, துரதிர்ஷ்டம்."

"வீட்டுல அவளுக்கு?"

"அவளுக்கு என்ன? லேசா உடம்பு வலிங்கிறா, மத்தபடி நல்லா இருக்கா. சொல்லப்போனா ரொம்பவே நல்லா இருக்கா. தினம் கதவைத் திறந்ததும் 'டீசல் நாத்தம், அங்கேயே நில்லு, குளிச்சிட்டு வா'ன்னு கத்துவாளே? நாலு நாளா ஒரு வார்த்தை இல்லைக்கா. பக்கத்துல வந்து உட்காருங்கிறா. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் நம்ம அருமை தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன்."

பூட்டு சுவர்க் காலண்டரில் நாலு நாளைப் பின்னோக்கி எண்ணினாள்.





"அக்கா, அது அன்புதானே?"

அவன் மனைவிக்கு எட்டாம் மாதம்.

"வேனை ஓரமா நிறுத்து," என்றாள் பூட்டு. "இனிமே யார் வீட்டுக்கும் கேன் போடாதே. அவளைக் கூட்டிக்கிட்டு உடனே டெஸ்டுக்குப் போ. ரெண்டு பேரும் மாஸ்க் போடுங்க. வேன்ல ஜன்னலைத் திறந்து வை. அவளைத் திட்டாதே."

"நான் எதுக்குத் திட்டறேன்? அப்பாவுக்கு...?"

"போடா முதல்ல."

ஏழு மூக்கு, ஒரே டப்பா. மணி பதினொன்று. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால் முப்பத்தொரு பேரும் ஹாலில் இறங்கி உட்காருவார்கள். பூட்டு நோட்டைப் பிரித்தாள்.

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். வரிசை பிசகவில்லை.

"ஆறு பத்துக்குத் தபால்காரர். ஆறே காலுக்கு டெய்லர், பெரிய சிட்டிகை, பேராசைக்காரன். ஏழு மணிக்கு நீ வந்துட்டுப் போனே. ஏழரைக்குக் கம்பவுண்டர். எட்டு மணிக்கு எதிர் ரூம்லேர்ந்து வாட்ச்மேனும் அவர் மச்சானும், ஜோடியா. ஒம்பது மணிக்குப் பேங்க்காரர், வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே. பத்து மணிக்கு முதல் மூணு பேரும் ரெண்டாம் டிரிப்."

"ஆறு. ஏழாவது?"

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"ஏழு பேர்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன். கணக்கு சரிதான். ஆள் பேர் சொல்ல மாட்டேன். சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்துதான் ஏத்தினேன். ஏத்தின ஆளை நடுவழியில இறக்கிவிட்டுப் பழக்கமில்லை."

"அப்பா, இது பஸ் இல்லை!"

"எனக்கு வேற எதுவும் தெரியாதேம்மா."

அவர் பிடிவாதத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. யாரோ ஒருவரின் மானத்தைத் தன் டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. ஆனால் அந்த ஏழாவது ஆள் இப்போது ஏதோ ஓர் அறையில், மூன்று பேர் நடுவில், மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த மூவரில் ஒருவருக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்யலாம்.

பூட்டு மாடிப்படித் திருப்பத்தில் வந்து நின்றாள். அங்கே நின்று பேசினால் இரண்டு தளத்துக்கும் கேட்கும். மேனேஜர் சுற்றறிக்கைகளை அங்கே நின்றுதான் அவள் படிப்பாள். பெரியவர்கள் அவரவர் கதவருகே வந்தார்கள், முப்பதாவதைக் கேட்கும் பொறுமையோடு.

"இன்னைக்குச் சாப்பாட்டு ஹால் கிடையாது. தட்டு அவங்கவங்க அறைக்கு வரும். யாரும் அறையை விட்டு வரக் கூடாது."

முணுமுணுப்பு.

"பதினேழாம் கட்டில் சாருக்கு... எங்க அப்பாவுக்கு, தொற்று இருக்கும்போல இருக்கு. காலையில அவர் டப்பாவிலேர்ந்து ஏழு பேர் பொடி போட்டிருக்காங்க."

முணுமுணுப்பு நின்றது.

"அந்த டப்பா ஜன்னல் வழியா கயிறு கட்டி மேல வந்தது. அந்தக் கயிறு எனக்குப் பன்னிரண்டு நாளா தெரியும். தெரிஞ்சும் அறுக்கலை." மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். "பெத்த பொண்ணைத் தொட்டாங்கன்னு சலவைக்காரம்மாவை வெளியே அனுப்பினேன். எங்க அப்பான்னதும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். தப்புப் பண்ணினவ நான்தான். அதனால பொடி போட்டவங்களை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சொல்லவும் மாட்டேன். ஆறு பேர் தெரிஞ்சுபோச்சு. ஏழாவது ஆள் மட்டும் தயவுசெஞ்சு வந்துடுங்க."

கதவருகே நின்றவர்கள் பக்கத்துக் கதவைப் பார்த்தார்கள்.

பிறகு கீழ்த்தளத்தில் ஒரு கதவு திறந்தது. கணக்கு டீச்சர் வந்தார். கக்கத்தில் தலையணை. ஒரு கையில் துணிப்பை. மாஸ்க் மூக்குக்கு மேல் ஒழுங்காக இருந்தது. வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்றார்.

"ஏழு," என்றார்.

மாடியில் டெய்லர் "ஆத்தாடி" என்றது எல்லோருக்கும் கேட்டது.

"மூணு புகார் எழுதினேன். மூணும் உண்மை. எழுதினா எனக்குத் தலைவலி வரும். தலைவலிக்கு இது கேட்கும்னு அந்த மனுஷர் சொன்னார்." டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. "கேட்டுது. அதையும் சொல்லணுமில்ல."

"டீச்சர், நான் வாயைத் திறக்கலை!" மேலிருந்து அப்பாவின் குரல்.

"தெரியும் கண்டக்டரே. கத்தாதீங்க, மாஸ்க்கைப் போடுங்க. எங்கே போகணும் சிஸ்டர்?"

பின்கட்டில் பழைய பிசியோதெரபிக் கூடம் இருந்தது. தனி வாசல், தனிக் கழிப்பறை. ஏழு கட்டிலை இடைவெளி விட்டுப் போட்டுத் திரை கட்டினார்கள். கூடத்தின் கோடியில் கண்ணாடிக் கதவு வைத்த சின்ன அறை அப்பாவுக்கு. அவர்களோடு தங்கியவர்கள் அவரவர் அறையிலேயே இருக்க வேண்டும். கயிற்றைச் சமையல்காரர் அறுத்தார்.

மேனேஜருக்குப் போன் செய்தாள். "இதைப் பக்குவமா ஒரு சுற்றறிக்கையா..." என்று அவர் ஆரம்பித்தார்.

"டெஸ்ட் எடுக்க ஆள் வேணும் சார். ஆக்சிஜன் சிலிண்டர் வேணும். அறிக்கையில என் பேரையும் எழுதுங்க, கயிறு எனக்குத் தெரியும்."

முப்பதாவது சுற்றறிக்கை அன்று வரவில்லை. சிலிண்டர் இரண்டு வந்தன.

பூட்டு கவச உடையைப் போட்டுக்கொண்டாள். உள்ளே போகிறவர் பதினான்கு நாள் வெளியே வர முடியாது. காலையில் அப்பா விரலைத் தேய்த்துவிட்டவள் அவள்தான். வேறு யாரை அனுப்புவது? கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி, சானிடைசரில் துடைத்து, சமையல்காரரிடம் நீட்டினாள்.

அவர் பின்வாங்கினார். "எனக்கு அடுப்பைத் தவிர எதையும் காவல் காக்கத் தெரியாதும்மா. வெளிவேலை மொத்தத்துக்கும் ஆளே இல்லையே."

அவள் போனை எடுத்தாள். பதினாறு நாளாகத் தொடாத நம்பரை அழுத்தினாள். எடுத்தவுடன் எல்லாவற்றையும் சொன்னாள். கயிறு, டப்பா, பன்னிரண்டு நாள். மன்னிச்சிடுங்க என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"துணி நிறைய சேர்ந்திருக்குமே?" என்றார் சலவைக்காரம்மா.

"மலை மாதிரி இருக்கும்மா."

"டெஸ்ட் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் ஊறவைக்கச் சொல்லு. வெந்நீர்ல."

மாலை நாலரை. மாதிரி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முடிவு நாளைக்கு. கூடத்தில் டீச்சர் திரைக்கு இந்தப் பக்கமிருந்து டெய்லருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டெய்லர் கேட்கவே இல்லை. தம்பிக்காரனிடமிருந்து ஒரு செய்தி: 'வரிசையில் நிக்கறோம். முன்னாடி நாப்பது பேர். அவளுக்கு மூச்சு வாங்குது, நடந்ததாலன்னு சொல்றா.'

பூட்டு அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்தாள்.

அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு குறைந்திருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினாள். சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி, நின்றன. விரலைத் தேய்த்தாள். மறுபடி மாட்டினாள். அதே எண்.

கருவியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வதற்குள் அவர் பார்த்துவிட்டார். தலைகீழாகவும் எண் படிப்பவர் கண்டக்டர்.

"அட!" முகம் முழுக்கச் சிரிப்பு. "நம்ம வண்டி! தொண்ணூத்தொண்ணு!"

அவள் சிலிண்டரை இழுத்து முகமூடியைப் பொருத்தினாள். திருகைத் திறந்தாள். இன்னொரு கையால் ஆம்புலன்ஸ் நம்பரை அழுத்தினாள்.

"எங்கேம்மா போன் பண்றே?" முகமூடிக்குள்ளிருந்து அவர் குரல் தூரத்திலிருந்து வருவதுபோல வந்தது.

அவர் அவள் முகத்தையே பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கியது. மகளின் மணிக்கட்டைப் பிடித்து, பயணிக்குப் பொறுமையாக வழி சொல்கிறவரைப் போலத் தட்டிக் கொடுத்தார்.

"பரவாயில்லை, கூப்பிடு. தொண்ணூத்தொண்ணு வேற எங்கே போகும்? பெரியாஸ்பத்திரிக்குத்தான்."